அப்பாவின் வண்டி அந்தமானுக்குப் போகுமா?

வடசென்னையில் சாத்தாங்காட்டுச் சாலையோரம் ஒரு காலைப் பொழுது நின்று பார்ப்பவர்க்கு, உலகமே வீடு மாற்றிக்கொண்டு போகிறதோ என்று தோன்றும். ஒருபுறம், சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் அமைத்த இரும்பு, எஃகு அங்காடி. ஜார்ஜ் டவுனின் நெருக்கடியைக் குறைக்கும்பொருட்டு உருவான அந்த அங்காடியிலே கம்பிக் கட்டுகளும் தகட்டுச் சுருள்களும் ஓயாமல் ஏற்றி இறக்கப்படுகின்றன. மறுபுறம், மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கிகள். இடையே, துறைமுகத்தை நோக்கி ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து செல்லும் டிரெய்லர் லாரிகள். அவற்றின் முதுகிலே கன்டெய்னர் பெட்டிகள். எந்தப் பெட்டியில் எவருடைய பொருள் எந்தக் கரைக்குப் போகிறது என்பது பல வேளைகளில் அதை ஓட்டுபவருக்கே தெரியாது.

இந்தச் சரக்குகளின் நடுவே, சாக்கினால் சுற்றிக் கட்டப்பட்ட ஒரு சிறு ஸ்கூட்டரும் சில நேரம் கடல் கடக்கிறது. அது வணிகச் சரக்கு அன்று. நாட்டுக் காவலுக்கெனப் பணியிடம் மாற்றப்பட்ட ஒரு படைவீரனின் வீட்டு வண்டி. போர்வீரன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிடுவான். அவன் மனைவி மக்களும், அவர்களுடைய சட்டி பானைகளும், பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் வண்டியும் அவன் பின்னே போயாக வேண்டுமே! அந்தப் பயணத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு. என் சொந்தக் குடும்பத்திலே அது நேர்ந்தபோதுதான் நானும் அறிந்துகொண்டேன். நம் பங்குகளிலே முப்படைகளிலும் கடலோரக் காவல் படையிலும் பணியாற்றும் மக்களைப் பெற்ற வீடுகள் பல உண்டு. அவர்களுக்குப் பயன்படும் என்னும் எண்ணத்தால் அதனை இங்கே எழுதுகிறேன்.

ஆணை வந்தது

என் அக்காளின் மகன் தரைப்படையில் ஹவில்தார். அவனுக்கு அந்தமானுக்கு மாற்றல் ஆணை வந்தது. குடும்பத்தோடு தங்கும் வசதியும் கிடைத்தது. வீட்டிலே மகிழ்ச்சிதான். ஆனால் புறப்பட நான்கு வாரமே இருந்தது.

சாத்தாங்காட்டில் அவர்கள் வீட்டு முற்றத்திலே இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று, மருமகள் தவணையில் வாங்கிய ஸ்கூட்டர். அதில்தான் அவள் ஆறு வயது மகளைப் பள்ளிக்குக் கொண்டு விடுவாள். அக்காளை மருத்துவரிடம் அழைத்துச் செல்வாள். மற்றொன்று, என் அத்தான் 1986இல் வாங்கிய புல்லட். திருவொற்றியூரில் ஒரு பட்டறையிலே கடைசல் வேலை பார்த்தவர் அவர். சில தெருக்கள் தள்ளி உருவான வண்டியைத் தம் கைப்பொருளால் வாங்கியதில் அவருக்கு இருந்த பெருமை சொல்லி முடியாது. 2018இல் அவர் இறைவனடி சேர்ந்தார். அதன்பின் அவ்வண்டி தெருவில் ஓடவில்லை. மகன் விடுப்பில் வரும்போது முற்றத்திலேயே உதைத்துப் பார்ப்பான். அந்த ஒலி எழும்பும்போது அக்காள் அடுக்களையிலிருந்து வெளியே வந்து நிற்பாள், ஒன்றும் பேசமாட்டாள்.

"மாமா, அப்பாவின் வண்டியைத்தான் கொண்டுபோகப் போகிறேன்" என்றான் மருமகன்.

"இரண்டையுமே கொண்டுபோனால் என்ன?" என்று கேட்டேன்.

"செலவு கட்டாது மாமா. அரசுச் செலவில் எனக்கு ஒரு வண்டிதான்" என்றான்.

அவன் சொன்னது சரியே. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின் வந்த மத்திய அரசின் பொது விதிகளின்படி, மாற்றலின்போது ஊதிய நிலை 6க்கும் அதற்கு மேலும் உள்ளோர் ஒரு காரையோ ஓர் இருசக்கர வண்டியையோ கொண்டுசெல்லலாம். நிலை 5க்கும் அதற்குக் கீழும் உள்ளோர் ஓர் இருசக்கர வண்டி மட்டுமே கொண்டுசெல்லலாம். கூட்டு மாற்றல் மானியம் என்னும் தொகை பொதுவாக அடிப்படை ஊதியத்தில் 80 விழுக்காடு. அந்தமான், இலட்சத்தீவு போன்ற தீவுகளுக்குச் செல்வோர்க்கும் அங்கிருந்து திரும்புவோர்க்கும் அது 100 விழுக்காடு. கடல் கடக்கும் குடும்பத்தின் சிரமத்தை அரசு உணர்ந்திருக்கிறது என்பதற்கு இதுவே சான்று. எனினும், எந்த வண்டி என்னும் கேள்விக்கு விதிப்புத்தகம் விடை சொல்வதில்லை. அதைக் குடும்பந்தான் தீர்மானிக்க வேண்டும்.

படையும் வண்டியும் கடலும்

இந்தக் கேள்வி எழுந்த இடத்தையும் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். கடல் வழியே பொருள்களைக் கரை சேர்ப்பது வடசென்னை மக்களின் பரம்பரைத் தொழில். சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலத்திலே, கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, மசூலாப் படகுகளே ஆட்களையும் சரக்கையும் அலைகளின் மேல் கொண்டுவந்து சேர்த்தன. ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்த படகுகள் அவை. அலை மோதும்போது பிளந்துபோகாமல் வளைந்து கொடுக்கும். அந்தப் படகோட்டிகள் தம் உழைப்பின் பயனைக் கொண்டு எழுப்பிய ஆலயமே இராயபுரத்துப் புனித இராயப்பர் ஆலயம். இராயப்பரின் பெயரே அவ்வூருக்கும் பெயராயிற்று. அவரும் ஒரு படகுக்காரர் அன்றோ!

செயற்கைத் துறைமுகப் பணி 1875இல் தொடங்கியது. 1881இன் புயல் அதைச் சிதைத்தது. மீண்டும் கட்டினார்கள். 1904 முதல் 1919 வரை துறைமுகக் கழகத் தலைவராக இருந்து அதற்கு நிலையான உருவம் தந்தவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். கணித மேதை இராமானுசன் 1912இல் எழுத்தராகப் பணியில் சேர்ந்தது அவருடைய அலுவலகத்தில்தான். அந்நாளில் மோட்டார் வண்டி என்றாலே கப்பலில் வந்திறங்கும் அயல்நாட்டுப் பொருள்.

புல்லட்டின் வரலாறும் கடலிலேதான் தொடங்குகிறது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனம், இரண்டாம் உலகப் போரின்போது வான்குடை வீரர்களுக்கென ஓர் எளிய சிறு மோட்டார் சைக்கிளைச் செய்தது. 'பறக்கும் தெள்ளுப்பூச்சி' என்னும் பொருள்படும் செல்லப்பெயர் அதற்கு. இரும்புக் கூட்டுக்குள் வைத்து வான்குடையில் கட்டி இறக்குவார்களாம்! போர் முடிந்தபின், 1950களின் முற்பகுதியில், எல்லைக் காவலுக்காக இந்தியப் படை நூற்றுக்கணக்கான புல்லட்டுகளை விரும்பிக் கேட்டது. அவை ரெட்டிச்சிலிருந்து கப்பலேறி வந்தன. அந்தத் தேவையை ஒட்டியே 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவாயிற்று; திருவொற்றியூரிலே தொழிற்சாலை எழுந்தது. முதலில் உதிரிப் பாகங்களைக் கப்பலில் தருவித்துப் பூட்டினார்கள். சில ஆண்டுகளிலேயே எல்லாப் பாகங்களும் இங்கேயே உருவாயின. தாய் நிறுவனம் இங்கிலாந்தில் மூடப்பட்ட பின்னும் திருவொற்றியூர் ஓயவில்லை. 1977இல் அங்கிருந்தே இங்கிலாந்துக்கும் ஐரோப்பாவுக்கும் புல்லட்டுகள் ஏற்றுமதியாகத் தொடங்கின. கற்றுக்கொடுத்த ஊருக்கே மாணவன் சரக்கு அனுப்பிய கதை இது. பின்னாளில் 2013இல் ஓரகடத்தில் புதிய ஆலை திறக்கப்பட்டது.

எண்ணூரிலும் இதே வரலாறுதான். 1948இல் அசோக் மோட்டார்ஸ் எனத் தொடங்கி, ஆஸ்டின் கார்களைப் பூட்டிய நிறுவனம், பின்னர் அசோக் லேலண்டு ஆயிற்று. அதன் 'ஸ்டாலியன்' லாரிகள் பனிமலையிலும் பாலைவனத்திலும் நம் வீரர்களைச் சுமக்கின்றன. இன்று சென்னைத் துறைமுகத்திலிருந்தும், 2001இல் செயல்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகத்திலிருந்தும் புத்தம் புதிய கார்கள் அயல்நாடு செல்கின்றன. 2014இல் காமராசர் துறைமுகம் எனப் பெயர் பெற்றதே அந்த எண்ணூர்த் துறைமுகம். ஆயிரக்கணக்கான கார்கள் தாமாகவே சாய்தளத்தில் ஏறிக் கப்பலின் வயிற்றுக்குள் செல்வதைக் கண்டவர் வியப்படைவர். அவற்றுக்கு ஆயிரம் ஏற்பாடுகள் உண்டு. ஒரு ஹவில்தாரின் பழைய வண்டிக்கோ அவனும் அவன் வீட்டாரும்தான் எல்லா ஏற்பாடும்.

ஏடுகள் கேட்கும் கணக்கு

வண்டியைக் கப்பலேற்றுவதில் இரும்பைவிடக் காகிதமே கனமானது என்பதை முதல் வாரத்திலேயே உணர்ந்தோம்.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை மற்றொரு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும் என்கிறது. அந்தமான் நிக்கோபார் தனி ஒன்றியப் பகுதி. அங்கே பதிவெண் ஏ.என். என்னும் எழுத்துகளோடு தொடங்கும். அதைப் பெறுவதற்கு, இங்கே பதிவு செய்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். படிவம் 28இல் விண்ணப்பிக்க வேண்டும். அடிச்சட்ட எண்ணின் பென்சில் பதிவை அதில் ஒட்ட வேண்டும். பதிவுச் சான்று, நடப்புக் காப்பீடு, புகைச் சான்று, வரி கட்டிய சான்று ஆகியவை உடன் வேண்டும். களவுபோன வண்டி அன்று என்பதையும் ஆவணங்களில் சரிபார்ப்பார்கள். தீவிலே புதிய பதிவெண் பெற்ற பின், இங்கே கட்டிய வாழ்நாள் வரியில் எஞ்சிய காலத்துக்குரிய தொகையைத் திருப்பிக் கேட்கலாம். பலர் இதை அறியாமலே விட்டுவிடுகின்றனர்.

முதலில் ஸ்கூட்டரின் ஆர்.சி. புத்தகத்தைப் பிரித்தோம். கடன் தவணை முழுவதும் கட்டி ஓராண்டு ஆகியிருந்தது. ஆனால் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் அதில் அப்படியே இருந்தது! கடைசித் தவணை கட்டியவுடன் கடன் தீர்ந்ததென்று நாம் நிம்மதியாகிவிடுகிறோம். ஏட்டிலே அது தீரவில்லை. அந்த நிறுவனத்திடம் கடிதம் பெற்று, படிவம் 35 கொடுத்து, அடமானப் பதிவை நீக்க வேண்டும். அப்பெயர் இருக்கும்வரை அந்நிறுவனத்தின் இசைவின்றித் தடையின்மைச் சான்று கிட்டாது. நல்லவேளையாக இது பத்து நாளில் முடிந்தது.

அடுத்து, புல்லட்டின் புத்தகம். பழுப்பேறிய அந்தச் சிறு ஏட்டிலே அத்தானின் பெயர் நீல மையில் இருந்தது. பதினைந்து ஆண்டு முடிந்தபின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அத்தான் உயிரோடிருந்தவரை ஒருமுறையும் தவறவில்லை. 2021இல் புதுப்பிக்க வேண்டியதை எவரும் செய்யவில்லை. காப்பீடும் விட்டுப்போயிற்று. அனைத்துக்கும் மேலாக, உரிமையாளர் இறந்துவிட்டால் முப்பது நாளுக்குள் அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்து வாரிசின் பெயருக்கு மாற்ற வேண்டும் என்பது விதி. ஆண்டுகள் பல கடந்தும் அதைச் செய்யவில்லை. இறப்புச் சான்றிதழ் இருந்தது. வட்டாட்சியர் அலுவலகத்து வாரிசுச் சான்றிதழ் இருந்தது. ஆனால் அக்காள் கையொப்பம் இடவேண்டிய தாள் மட்டும் பெட்டியிலே வெறுமையாய்க் கிடந்தது.

ஏனென்று கேட்டேன்.

"தம்பி, ரேஷன் கார்டில் பெயர் எடுத்தாயிற்று. வங்கிக் கணக்கில் எடுத்தாயிற்று. வாக்காளர் பட்டியலிலும் எடுத்தாயிற்று. இந்த ஒரு புத்தகத்தில்தான் அவர் இன்னும் வண்டிக்காரராக இருக்கிறார். இதையும் அடித்துவிடச் சொல்கிறாயா?" என்றாள் அக்காள்.

நான் விடை சொல்ல முடியாமல் எழுந்து வந்துவிட்டேன்.

கப்பல் ஏறுமுன்

நாள்கள் குறைந்துகொண்டே வந்தன. இதற்கிடையில் துறைமுகத்தில் அனுபவமுள்ள கிளியரிங் ஏஜெண்டு ஒருவரிடம் ஆலோசனை கேட்டோம். அவர் சொன்னவற்றை வாசகர்களுக்கும் சொல்கிறேன்.

பெட்ரோல் தொட்டியைக் காலி செய்ய வேண்டும். பெட்ரோலைவிட அதன் ஆவியே அபாயமானது. மூடிய பெட்டிக்குள் ஒரு சிறு பொறி போதும். இரயில் பார்சலில் அனுப்பும் வண்டிக்கும் இதே விதிதான். மின்கலத்தின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். பக்கக் கண்ணாடிகளைக் கழற்றித் தனியே கட்ட வேண்டும். உள்ளே துணிமணி, பாத்திரம் எதையும் திணித்து வைக்கக் கூடாது. சங்கிலிக்கும் இரும்புப் பாகங்களுக்கும் எண்ணெய் பூச வேண்டும். உப்புக்காற்று இரும்பைத் தின்னும் என்பதைக் கடலோர மக்களாகிய நமக்குச் சொல்ல வேண்டுமா? வண்டியின் எல்லாப் பக்கங்களையும் ஒப்படைக்கும் நாளிலேயே படம் எடுத்து வைக்க வேண்டும். முன்பே இருந்த கீறல் எது, பயணத்தில் விழுந்த கீறல் எது என்று பின்னர் வழக்கு வந்தால் அந்தப் படமே சாட்சி.

இவற்றையெல்லாம்விட என்னைத் திடுக்கிடச் செய்தது காப்பீட்டுச் செய்தி. நம் நாட்டு மோட்டார் காப்பீட்டு ஒப்பந்தத்தை எடுத்து, வண்டி எவ்வழியே கொண்டுசெல்லப்படும்போது ஈடு உண்டு என்ற பகுதியைப் படித்துப் பாருங்கள். சாலை, இரயில், உள்நாட்டு நீர்வழி, மின்தூக்கி, வானூர்தி என்று பட்டியல் நீளும். கடல் அதில் இல்லை! வங்கக் கடலில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் செல்லும் வண்டி, அந்த நாள்களில் தன் வழக்கமான காப்பீட்டின் நிழலில் இல்லை. அதற்குத் தனியே கடற்சரக்குக் காப்பீடு எடுக்க வேண்டும். செலவு பெரிதன்று, ஆனால் எடுக்க மறந்தால் இழப்பு பெரிது.

கடற்பயணத்தில் இன்னொரு பழைய முறையும் உண்டு. புயலில் கப்பலைக் காக்கும்பொருட்டுச் சிலருடைய சரக்கைக் கடலில் எறிய நேர்ந்தால், அந்த இழப்பை எல்லாச் சரக்குக்காரர்களும் பகிர்ந்து கொள்ள வேண்டும். ரோடுத் தீவின் பழஞ்சட்டத்திலிருந்து வந்த இவ்வழக்கம் இன்றளவும் உலகக் கப்பல் வாணிகத்தில் உயிரோடிருக்கிறது. புனித சின்னப்பர் உரோமைக்குக் கைதியாகச் சென்றபோது, மால்தாத் தீவருகே கப்பல் உடையுமுன் மாலுமிகள் சரக்கையும் பின்னர் கோதுமையையும் கடலில் எறிந்த செய்தியை நாம் திருநூலில் படிக்கிறோம். சரக்கு போனாலும் ஓர் உயிரும் சேதமாகவில்லை. ஆகவே நம் வண்டிக்கு ஒன்றும் நேராதபோதும், பிறர் இழப்பில் பங்கு கட்ட வேண்டிய நிலை வரலாம். அதையும் கடற்காப்பீடே ஏற்றுக்கொள்ளும்.

ஆபத்து பழங்கதை என்று எண்ணிவிட வேண்டாம். 2022இல் 'ஃபெலிசிட்டி ஏஸ்' என்னும் பெருங்கப்பல், ஏறத்தாழ 4,000 கார்களோடு அட்லாண்டிக் கடலில் தீப்பற்றி, நாள்கணக்கில் எரிந்து, மார்ச்சு முதல் நாளில் மூழ்கியது. மாலுமிகள் அனைவரும் காப்பாற்றப்பட்டனர் என்பதே ஆறுதல்.

வெளிநாட்டிலும் இதே கதை

உலகெங்கும் தளங்கள் வைத்திருக்கும் அமெரிக்கப் படையில், கடல் கடந்து மாற்றப்படும் வீரருக்கு அரசே தன் செலவில் சொந்த வண்டி ஒன்றைக் கப்பலில் அனுப்பித் தருகிறது. அங்கேயும் ஒரு குடும்பத்துக்கு ஒரு வண்டிதான் என்பதைக் கேட்டபோது, நம் சாத்தாங்காட்டு முற்றமே என் கண்முன் நின்றது. தொட்டியில் கால் பங்குக்கு மேல் பெட்ரோல் கூடாது. மண் ஒட்டாமல் கழுவித் தர வேண்டும்; சக்கரத்து மண்ணோடு ஒரு நாட்டின் பூச்சியும் விதையும் நோயும் மறு நாட்டுக்குப் போய்விடும் என்னும் அச்சமே காரணம். கடன் தீராத வண்டியாயின் கடன் கொடுத்தவரின் எழுத்து மூல இசைவு வேண்டும். நாடு வேறு, நாணயம் வேறு. ஆனால் ஏடு கேட்கும் கேள்வி எங்கும் ஒன்றே: 'இந்த வண்டி உண்மையில் உன்னுடையதா?'

நம் நாட்டிலும் அடிக்கடி மாற்றலாகும் குடும்பங்களுக்கு ஒரு நல்ல வழி பிறந்திருக்கிறது. 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த பி.எச். பதிவு வரிசை அது. பாரத் என்பதன் சுருக்கமே அவ்வெழுத்துகள். படைவீரரும் மத்திய, மாநில அரசு ஊழியரும் புது வண்டி வாங்கும்போது இவ்வரிசையில் பதிவு செய்துகொண்டால், மாநிலம் மாறும்போதெல்லாம் புதிய பதிவெண் தேட வேண்டியதில்லை. சாலை வரியையும் இரண்டிரண்டு ஆண்டுகளுக்கெனக் கட்டலாம். புது வண்டி வாங்கும் எண்ணமுள்ள படைவீரர் குடும்பங்கள் இதனைக் கருத்தில் கொள்வது நலம்.

அக்காளின் முடிவு

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. திருப்பலி முடிந்து வந்து எல்லோரும் முற்றத்தில் அமர்ந்திருந்தோம். மருமகன் முகம் வாடியிருந்தது. பெயர் மாற்றம், பதிவுப் புதுப்பிப்பு, தடையின்மைச் சான்று மூன்றும் அந்த ஒரு வாரத்துக்குள் நடக்கக் கூடியவை அல்ல. எவரையும் குறை சொல்வதற்கில்லை; செய்ய வேண்டிய நாளிலே செய்யாதது எங்கள் தவறு.

"அடுத்த கப்பலில் அனுப்பிவிடுகிறேன். அதுவரை நாங்கள் நடந்து கொள்கிறோம்" என்றான் அவன்.

மருமகள் தலை குனிந்திருந்தாள். அவளுக்கு மேடு பள்ளமான அத்தீவிலே, முன்பின் அறியாத ஊரிலே, கணவன் முகாமுக்குப் போய்விட்டால் பிள்ளையோடு தனியே அலைய வேண்டும். புல்லட்டை அவளால் ஓட்ட இயலாது. ஆனால் மாமனாரின் நினைவுக்கு எதிராகத் தன் தேவையைச் சொல்ல அவள் மனம் ஒப்பவில்லை.

அக்காள் எழுந்து வந்து அவள் அருகில் அமர்ந்தாள்.

"நீ ஏனம்மா வாயைத் திறக்கவில்லை?"

"ஒன்றுமில்லை அத்தை."

"உன் மாமனார் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் தெரியுமா? 'வண்டி என்பது ஓட்டுகிறவருக்கு' என்பார். இரவு இரண்டு மணிக்கு எனக்கு வலி எடுத்தபோது அந்தப் புல்லட்டில்தான் என்னை ஏற்றிப் போனார். அன்றைக்கு அது வண்டி. இன்றைக்கு இவள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் எதில் போவாள்? அவளுக்கு ஓட்டத் தெரிந்ததுதான் அவளுக்கு வண்டி. ஸ்கூட்டரை அனுப்பு" என்றாள் மகனைப் பார்த்து.

சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவளே தொடர்ந்தாள்: "தம்பி, அந்தத் தாளைக் கொண்டு வா. இவன் கப்பலேறுமுன் கையொப்பம் போட்டு வைக்கிறேன். நானும் போய்விட்டால் இந்தப் பிள்ளைகள் இரண்டு பெயருக்கு அலைய வேண்டும்."

அன்று மாலையே படிவம் 31இல் கையொப்பமிட்டாள். திருமணமாகிப் பெரம்பூரில் இருக்கும் மகளும் வந்து, தனக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தாள். பழைய புத்தகத்தின் முதல் பக்கத்தை நகல் எடுத்துத் தரும்படி அக்காள் என்னிடம் கேட்டுக் கொண்டாள். அந்த நகல் இப்போது அவளுடைய செபப் புத்தகத்தில், அத்தானின் நினைவுப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

குறித்த நாளிலே ஸ்கூட்டரைக் கழுவித் துடைத்து, பெட்ரோலை டப்பாவில் வடித்து, சாக்குச் சுற்றித் துறைமுகத்தில் ஒப்படைத்தோம். "தாத்தா, ஸ்கூட்டருக்குக் கப்பலில் வாந்தி வருமா?" என்று பேத்தி கேட்டாள். அருகே நின்ற சுமைதூக்கும் தொழிலாளர்கூடச் சிரித்துவிட்டார். பயணிகள் கப்பல் போர்ட் பிளேயர் சேர ஏறத்தாழ மூன்று நாள் ஆகும். 2024 செப்டம்பர் முதல் அந்நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். முப்படைகளும் ஒரே தலைமையின் கீழ் இயங்கும் நாட்டின் முதல் கட்டளையகம் 2001இல் அங்கேதான் அமைந்தது. தமிழ் பேசும் குடும்பங்களும் அங்கே மிகப் பல. 1984இல் தனி மறைமாவட்டமும் ஏற்பட்டது. ஆகவே நம் மக்கள் அங்கே அந்நியராய்ப் போவதில்லை.

வண்டி சில நாள் பிந்தி வந்து சேர்ந்தது. கைப்பிடியில் ஒரு கீறல். நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவிய பின்னரே ஓட்டினார்களாம். "முதல் நாளே பள்ளிக்குக் கொண்டு விட்டேன் அத்தை" என்று மருமகள் தொலைபேசியில் சொன்னதைக் கேட்டு அக்காள் கண்ணைத் துடைத்துக் கொண்டாள்.

இன்றே பெட்டியைத் திறவுங்கள்

வாசக அன்பர்களே, உங்கள் வீட்டில் படைவீரர் இல்லாமலிருக்கலாம். வண்டி கடல் கடக்காமலும் இருக்கலாம். ஆனால் பெட்டியிலே ஒரு பழைய புத்தகம் இருக்கும். தவணை தீர்ந்தும் நீங்காத ஒரு பெயர் அதில் இருக்கும். அல்லது, மறைந்தும் நீக்க மனம் வராத ஒரு பெயர் இருக்கும். இறந்தவர்களை நினைவுகூர்வது நம் விசுவாசம். ஆயினும் அவர்கள் பெயரால் உயிரோடிருப்போர் வழி அடைபடுவதை அவர்களே விரும்பமாட்டார்கள். ஏட்டைச் சீர்செய்து வைப்பதும் பிள்ளைகளுக்குச் செய்யும் அன்புப் பணியே.

புல்லட் சாத்தாங்காட்டு முற்றத்திலேயே நிற்கிறது. பெயர் மாறியாயிற்று, பதிவும் புதுப்பித்தாயிற்று. மருமகன் தவணைக் காலம் முடிந்து திரும்பி வரும்போது அது அவனுக்காகக் காத்திருக்கும். அதுவரை வாரம் ஒருமுறை அதைத் துடைத்து வைப்பது என் பொறுப்பு. நான் துடைக்கும்போது அக்காள் வெளியே வந்து நிற்கிறாள். இப்போதெல்லாம், "தம்பி, ஒருமுறை உதைத்துத்தான் பாரேன்" என்று அவளே சொல்கிறாள்.